காவல் பெட்டிக்கும் காலாவதித் தேதி வேண்டும்



நம் கடையில் விற்கும் ஒரு சிறு பிஸ்கட் பாக்கெட்டின் மேல்கூட, எந்தத் தேதிக்குள் அதைப் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம் அச்சாகியிருக்க வேண்டும். தேதி கடந்த ஒரே ஒரு பாக்கெட் அலமாரி மூலையில் அகப்பட்டாலும் அதிகாரிகள் நோட்டீஸ் கொடுக்கிறார்கள்; அபராதம் விதிக்கிறார்கள். அதை நாம் தவறு என்று சொல்ல வரவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட சட்டம் அது. ஆனால், அதே நியாயத்தை நாம் காசு கொடுத்து வாங்கும் ஒரு பொருளுக்கும் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்தப் பொருள், நம் அலுவலக அறையில் இண்டர்நெட் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் விளக்கு மினுமினுக்க உட்கார்ந்திருக்கும் 'ஃபயர்வால்' என்னும் காவல் பெட்டி.

கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் நம் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், வியாபாரிகள் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். கல்லாவில் கைவைக்கும் எந்த விஷயமும் நம் விஷயம்தான். தயவு செய்து கடைசி வரை படிக்க வேண்டுகிறோம்.

வியாபாரம் எதில் தொங்குகிறது?

ஒரு காலத்தில் நமக்குத் தராசும், பில் புத்தகமும், பேரேடும் இருந்தால் போதும். இன்று நிலைமை அப்படியில்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை லாரியில் ஏற்ற வேண்டுமானால் இ-வே பில் வேண்டும். 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள வணிகர்கள் 2023 ஆகஸ்டு 1 முதல், மற்ற வணிகர்களுக்குப் போடும் பில்களை இ-இன்வாய்ஸ் முறையில் பதிவு செய்தாக வேண்டும். வாடிக்கையாளரோ பத்து ரூபாய் உப்புப் பாக்கெட்டுக்கும் கைபேசியை நீட்டுகிறார். இத்தனையும் போவதும் வருவதும் ஒரே கம்பி வழியாக. அந்தக் கம்பியின் வாசலில் நிற்கும் காவல்காரன்தான் ஃபயர்வால். மொத்த வியாபாரம் செய்பவர்களிடம் தனிப் பெட்டியாக இருக்கும். சிறு கடைகளில் இண்டர்நெட் கம்பெனி தந்த ரூட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு ஃபயர்வால் மென்பொருள் இருக்கும். ஆக, தெரிந்தோ தெரியாமலோ நம் எல்லோரிடமும் ஒரு காவல்காரன் இருக்கிறான்.

இந்தக் காவல்காரன் மயங்கி விழுந்தால் வாசல் திறந்துகொள்ளாது, பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். திருடன் உள்ளே வர மாட்டான், ஆனால் வாடிக்கையாளரும் வர முடியாது, நாமும் வெளியே போக முடியாது. பொருள் ஏதும் களவு போகாமலே வியாபாரம் நின்றுபோகும். இப்படி ஒருவரின் சேவையை முடக்குவதற்காகவே செய்யும் காரியத்துக்குச் 'சேவை மறுப்புத் தாக்குதல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தேங்காய்த்திட்டில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. படகு நன்றாக இருக்கும், வலை நன்றாக இருக்கும், ஐஸும் டீசலும் ஏற்றித் தயாராக இருக்கும். ஆனால் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து தூர்ந்துவிட்டால் ஒரு படகும் கடலுக்குப் போக முடியாது. அன்றைய பிழைப்பு அன்றோடு போயிற்று. மீனவர்களின் பொருளை யாரும் திருடவில்லை. ஆனாலும் நஷ்டம் நஷ்டம்தான். சேவை மறுப்பு என்பதைப் புதுவையில் உள்ளவர்களுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. ஒரு முறை தூர்வாரிவிட்டால் வேலை முடிந்தது என்று எந்தத் துறைமுகத்திலும் இருந்துவிட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். இது பின்னால் தேவைப்படும்.

கூட்டம் ஒரு வகை, குறுக்கு வழி ஒரு வகை

காவல்காரனை வீழ்த்த இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கூட்டம் சேர்ப்பது. தீபாவளிக்கு முந்தின நாள், வாங்கும் எண்ணமே இல்லாத ஐந்நூறு பேரை யாரோ நம் கடைக்கு அனுப்பி, ஒவ்வொருவரையும் விலை மட்டும் கேட்கச் சொன்னால் என்ன ஆகும்? உண்மையான வாடிக்கையாளர் தெருவிலேயே நின்று பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். 1996 செப்டம்பரில் நியூயார்க் நகரில் பேனிக்ஸ் என்ற இண்டர்நெட் நிறுவனத்தை இப்படித்தான் முடக்கினார்கள். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கும்போது ஒரு முறை உண்டு. வருகிறவர் "வரலாமா" என்பார். இவர் "வாருங்கள்" என்று சொல்லி ஒரு பதிவேட்டில் இடம் ஒதுக்கி வைப்பார். வருகிறவர் "வந்துவிட்டேன்" என்றதும் பேச்சு தொடங்கும். தாக்கியவர்கள் பொய் முகவரி கொடுத்து "வரலாமா" என்று ஆயிரக்கணக்கில் கேட்டுவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். பதிவேடு நிரம்பிவிட்டது. உண்மையாக வந்தவருக்கு இடமில்லை.

இதற்கு அப்போதே ஒரு நல்ல மாற்று கண்டுபிடிக்கப்பட்டது. அதே 1996-ல் டேனியல் பெர்ன்ஸ்டைன் என்ற நிபுணர், பதிவேட்டில் எழுதுவதற்குப் பதிலாக வருகிறவர் கையில் ஒரு டோக்கனைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னார். டோக்கனோடு திரும்பி வந்தால் மட்டுமே கணக்கில் எழுதுவது. பொய் முகவரிக்காரன் டோக்கனோடு வரப் போவதில்லை; பதிவேடும் நிரம்பப் போவதில்லை. 'சின் குக்கீ' என்ற இந்த முறை இன்று பல ஃபயர்வால்களில் இருக்கிறது. ஆனால் இருப்பது வேறு, இயங்குவது வேறு. பெட்டியைப் பொருத்திய நாளில் அதை இயக்கி வைத்தார்களா என்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

இரண்டாம் வழிக்குக் கூட்டமே வேண்டாம். காவல்காரனுடைய பலவீனம் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அவன் காதில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மயங்கி விழுந்துவிடுவான். ஃபயர்வால் மென்பொருளை எழுதியவர்கள் மனிதர்கள். அதில் பிழைகள் இருக்கத்தான் செய்யும். எதிர்பாராத விதத்தில் கோணலாக அமைத்த ஒரு செய்தி வந்தால், அதை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் பெட்டி தானே அணைந்து மறுபடி எழும். எழுந்ததும் மறுபடி அதே செய்தி. இந்த இரண்டாம் வகையைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் இதற்கு ஆள்பலமும் வேண்டாம், பணபலமும் வேண்டாம்.

ஊரறிந்த சம்பவங்கள்

2016 நவம்பரில் டென்மார்க் நாட்டின் டி.டி.சி. தொலைபேசி நிறுவனத்தார் 'பிளாக்நர்ஸ்' என்று ஒரு தாக்குதல் முறையை வெளியிட்டார்கள். "நீ தேடிய கதவு இங்கே இல்லை" என்று சொல்லும் ஒரு சாதாரண வகை அறிவிப்புச் செய்தியையே திரும்பத் திரும்ப அனுப்பினால், பெயர் பெற்ற கம்பெனிகளின் ஃபயர்வால்கள் சிலகூடத் திணறிப்போய் வேலை செய்யாமல் நின்றன. இதற்குத் தேவைப்பட்ட வேகம் 15 முதல் 18 எம்.பி.பி.எஸ். மட்டுமே. ஒரே ஒரு மடிக்கணினி போதும். நம் கடைக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பின் வேகமே இதைவிட அதிகம். பரிகாரமும் எளியதுதான்: வெளியிலிருந்து வரும் அந்த வகைச் செய்தியைத் தடுப்பது அல்லது ஒரு வினாடிக்கு இத்தனைதான் என்று வரம்பு கட்டுவது.

2019 மார்ச் 5 அன்று அமெரிக்காவில் எஸ்பவர் என்ற காற்றாலை, சூரிய மின்சார நிறுவனத்தில் நடந்தது இன்னும் பாடம். வெளியிலிருந்து யாரோ அந்நிறுவனத்தின் ஃபயர்வால்களைத் திரும்பத் திரும்ப அணைந்து எழும்படி செய்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் தொடர்பு அறுந்தது. ஆனால் இது ஏறத்தாழ பத்து மணி நேரம் விட்டு விட்டு நடந்தது. மின் உற்பத்தி நிற்கவில்லை; ஆனால் கட்டுப்பாட்டு அறைக்கும் உற்பத்தி நிலையங்களுக்கும் இடையே பேச்சு அறுந்து அறுந்து போயிற்று. பின்னர் விசாரித்தபோது தெரிந்தது என்ன? அந்தப் பிழை ஏற்கனவே அறியப்பட்ட பிழை. அதற்குத் திருத்தமும் வெளிவந்திருந்தது. அதைப் பெட்டியில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். மருந்து கடையில் இருந்தது. நோயாளி வாங்கிச் சாப்பிடவில்லை.

2024 ஜனவரியில் பிஷப் ஃபாக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், உலகமெங்கும் 1,78,000-க்கும் மேற்பட்ட சோனிக்வால் ஃபயர்வால்கள் இவ்விதப் பிழைகளோடு இண்டர்நெட்டில் தெரிகின்றன என்று அறிவித்தது. அந்தப் பிழைகளில் ஒன்று 2022-லும் மற்றொன்று 2023-லும் வெளியிடப்பட்டவை, திருத்தமும் வந்திருந்தது. அப்படியிருந்தும் இத்தனை பெட்டிகள். அவை எல்லாவற்றிலும், பெட்டியை நிர்வகிக்கும் பக்கம் வெளியுலகத்துக்குத் திறந்தே கிடந்தது. கல்லாச் சாவி வைக்கும் இடத்தைத் தெருவிலிருந்து பார்க்கும்படி வைத்ததற்கு ஒப்பானது இது.

2024 டிசம்பர் கடைசியில் பாலோ ஆல்டோ கம்பெனி தன் ஃபயர்வாலில் ஒரு பிழையை அறிவித்தது. ஒரு கோணல் செய்தி வந்தால் பெட்டி அணைந்து எழும். மீண்டும் மீண்டும் வந்தால் 'பராமரிப்பு நிலை' என்ற நிலைக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆள் வந்து எழுப்ப வேண்டும். திருத்தத்தை ஏற்றும் வரை, குறிப்பிட்ட ஒரு பதிவு வசதியை நிறுத்தி வையுங்கள் என்று கம்பெனியே தற்காலிக வழி சொன்னது. இப்படியே 2018 அக்டோபர் கடைசியில் சிஸ்கோ கம்பெனியும், இண்டர்நெட் தொலைபேசி அழைப்புகளைச் சோதிக்கும் வசதியில் பிழை இருப்பதாக அறிவித்து, அந்த வசதி தேவைப்படாதவர்கள் அதை நிறுத்திவிடலாம் என்று சொன்னது. இதிலிருந்து ஒரு பொது விதி தெரிகிறது: வேண்டாத கதவு ஒவ்வொன்றும் ஒரு ஆபத்து.

எதிரி இல்லாமலும் இது நடக்கும்

எல்லாவற்றுக்கும் எதிரி வேண்டும் என்பதில்லை. 2025 ஏப்ரல் 12 சனிக்கிழமை யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் நாடெங்கும் பல மணி நேரம் தடுமாறியதை நம் கடைகளில் எல்லோரும் பார்த்தோம். வாடிக்கையாளர் "பணம் போய்விட்டது" என்பார், நம் ஸ்பீக்கர் வாய் திறக்காது. எந்த எதிரியும் தாக்கவில்லை. "அந்தப் பணம் போயிற்றா, போயிற்றா" என்று சில வங்கிகளின் கம்ப்யூட்டர்கள் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததுதான் காரணம் என்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் கண்டறிந்தது. பரிகாரம் என்ன செய்தார்கள்? கேள்விக்கு வரம்பு கட்டினார்கள். 2025 ஆகஸ்டு 1 முதல், ஒரு செயலியில் ஒருவர் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் இருப்புத் தொகை பார்க்க முடியாது. ஒரு பரிமாற்றத்தின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்க முடியாது.

அதற்கு முன் 2018 பிப்ரவரி 1 அன்று இ-வே பில் முறையைக் கட்டாயமாக்கிய முதல் நாளே போர்ட்டல் சுமை தாங்காமல் திணறி, நடைமுறையையே தள்ளிவைக்க நேர்ந்ததை லாரி ஏற்றிவிட்டுக் காத்திருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. பிறகு ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலும், புதுவைக்குள் ஏப்ரல் 25 முதலும் அது நடைமுறைக்கு வந்தது. அரசாங்கம் அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இ-வே பில்லுக்கு இரண்டாவது போர்ட்டல் ஒன்றும் இயங்குகிறது. ஒன்று படுத்தால் மற்றொன்று. அரசாங்கமே இரண்டு வாசல் வைக்கும்போது, நம் நிறுவனத்துக்கு ஒரே வாசல் போதும் என்று இருக்கலாமா?

"நம்மை யார் தாக்கப் போகிறார்கள்?"

இந்தப் பேச்சைத் தொடங்கினாலே நம்மவர்கள் கேட்கும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. நம் மீது குறிவைத்து யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பது உண்மையே. ஆனால் தாக்குகிறவன் இன்று ஆளைத் தேடுவதில்லை. பலவீனமான பெட்டியைத் தேடுகிறான். தேடுவதும் மனிதனல்ல, மென்பொருள். அதற்குப் பெரிய கம்பெனி, சிறிய கடை என்ற பேதம் கிடையாது.

தவிர, நம் கடையே தாக்குகிறவனின் படையில் ஒரு சிப்பாயாக இருக்கலாம். 2016-ல் 'மிராய்' என்ற மென்பொருள், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த சிசிடிவி கேமராக்களையும் ரூட்டர்களையும் தேடிப் பிடித்தது. சுமார் 60 கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததுதான் அது செய்த வித்தை. இப்படிப் பிடித்த லட்சக்கணக்கான கருவிகளில் ஒரு பகுதியைக் கொண்டு 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் டின் என்ற நிறுவனத்தைத் தாக்க, டிவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்கள் பலருக்குக் கிடைக்காமல் போயின. அதே ஆண்டு ஜூலையில் மும்பையில் இண்டர்நெட் சேவை நிறுவனங்கள் மீது இதுபோன்ற வெள்ளம் பாய்ந்து, வாடிக்கையாளர்கள் அவதிப்பட்டு, போலீஸ் வழக்கு வரை சென்றது. அந்த மாதிரி வேளையில் ஃபயர்வால் சிறந்ததா மட்டமானதா என்ற கேள்வியே இல்லை. கம்பியே நிரம்பிவிட்டால் கடை வாசலில் நிற்கும் காவல்காரன் என்ன செய்வான்? தெருமுனையில், அதாவது இண்டர்நெட் கம்பெனியின் எல்லையிலேயே அந்தக் கூட்டத்தை நிறுத்த வேண்டும்.

நம் சொந்தக் கடையில் செய்ய வேண்டியவை

நமக்கு டெக்னீஷியன் வேலை தெரிய வேண்டியதில்லை. டெக்னீஷியனிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அடுத்த முறை அவர் வரும்போது கீழ்க்கண்டவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: பெட்டியில் உள்ள மென்பொருள் எந்தத் தேதியது? கம்பெனி வெளியிட்ட கடைசித் திருத்தம் ஏற்றப்பட்டிருக்கிறதா? இதை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது பார்த்து, பெட்டிப் பக்கத்தில் ஒரு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எடைக்கல்லுக்கு முத்திரை போடுவதில்லையா, அதுபோல.

இரண்டு: பெட்டியை நிர்வகிக்கும் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா? திறந்தால் உடனே மூடச் சொல்லுங்கள். தன் வீட்டிலிருந்தே பார்த்துச் சரி செய்ய வசதியாக டெக்னீஷியன் அதைத் திறந்து வைத்திருப்பார். அவருடைய வசதி நமக்கு ஆபத்து.

மூன்று: நமக்குத் தேவையில்லாத வசதிகள் எவை இயங்குகின்றன? அவற்றை நிறுத்துங்கள்.

நான்கு: மேலே சொன்ன டோக்கன் முறை, வினாடிக்கு இத்தனைதான் என்ற வரம்பு, இவை இயங்குகின்றனவா? இயக்கிய பிறகு பில் போட்டுப் பாருங்கள். வரம்பை மிக இறுக்கிக் கட்டினால் உண்மையான வாடிக்கையாளரும் வெளியே நிற்க நேரிடும்.

ஐந்து: ரூட்டர், கேமரா, ஃபயர்வால் மூன்றின் கடவுச்சொல்லும் மாற்றப்பட்டதா? கேமராக்களை பில் போடும் கம்ப்யூட்டரோடு சேராமல் தனியே பிரித்து வையுங்கள்.

ஆறு: இரண்டாவது வழி இருக்கிறதா? வேறு கம்பெனியின் இணைப்பு ஒன்று இருந்தால் நல்லது. அதற்கு வசதியில்லாதவர்கள், கைபேசி டேட்டா மூலம் இ-வே பில் எடுப்பதைக் குமாஸ்தாவுக்கு இப்போதே பழக்கிவிடுங்கள். 2011 டிசம்பர் தானே புயலிலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலிலும் கரண்டும் தொலைபேசியும் இல்லாமல் வியாபாரம் செய்தவர்கள் நாம். கையால் எழுதும் பில் புத்தகம் ஒன்றும், வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலின் அச்சுப் பிரதி ஒன்றும் எப்போதும் இருக்கட்டும்.

ஏழு: தாக்குதல் என்று சந்தேகம் வந்தால் மறைக்க வேண்டாம். முதலில் இண்டர்நெட் கம்பெனிக்குச் சொல்லுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930. தவிர, 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவுப்படி, சேவை மறுப்புத் தாக்குதல் உள்ளிட்ட சம்பவங்களை நிறுவனங்கள் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கருவிகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சிறு நிறுவனங்களுக்குக் கொடுத்த அவகாசம் 2022 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளின்படி ஒருவருடைய கம்ப்யூட்டர் சேவையை முடக்குவது மூன்றாண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கக்கூடிய குற்றம். சட்டம் நம் பக்கம் இருக்கிறது. புகார் கொடுத்தால்தான் அது நமக்கு உதவும்.

தேதி எழுதிக் கொடுங்கள்

இவ்வளவும் நாம் செய்தாலும், ஒன்று மட்டும் நம் கையில் இல்லை. பிழைக்குத் திருத்தம் தர வேண்டியவர் பெட்டியைத் தயாரித்தவர். அவர் எத்தனை ஆண்டு தருவார்? இந்தக் கேள்விக்குத்தான் பதில் கிடைப்பதில்லை. எங்கள் நிறுவனத்துக்குப் புதுப் பெட்டி வாங்க விலை கேட்டபோது, விற்பனையாளர் ஒருவர் "லைஃப் டைம் சார்" என்றார். யாருடைய லைஃப், பெட்டியுடையதா, கம்பெனியுடையதா, எங்களுடையதா என்று கேட்டோம், சிரித்தார். அதை பில்லில் எழுதிக் கொடுங்கள் என்றோம். அந்த வழக்கமில்லை என்றார். இன்னொருவர் பாதி விலைக்குப் பழைய மாடல் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குக் கம்பெனி திருத்தம் தருவதையே நிறுத்திவிட்டது என்பதை நாங்கள் கேட்டுத் துருவிய பிறகுதான் சொன்னார். காலாவதியான சரக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவது என்று நம் பாஷையில் இதற்குப் பெயர்.

அடுத்தது சந்தா விவகாரம். ஆண்டுச் சந்தா கட்டினால்தான் புது மென்பொருள் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. புது வசதிக்குச் சந்தா கேட்டால் சரி, கொடுக்கலாம். ஆனால் அவர்கள் எழுதிய மென்பொருளில் அவர்கள் விட்ட பிழையைத் திருத்த நாம் ஏன் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும்? நாம் விற்ற அரிசி மூட்டையில் கல் இருந்தால், மாற்றித் தர இன்னொரு முறை காசு கேட்போமா? எல்லாக் கம்பெனிகளையும் ஒன்றாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம் இல்லாத வாடிக்கையாளரும் தங்களைத் தொடர்பு கொண்டு பாதுகாப்புத் திருத்தத்தை இலவசமாகப் பெறலாம் என்று சிஸ்கோ தன் அறிவிப்புகளில் எழுதுகிறது. ஒருவரால் முடிவது மற்றவர்களால் முடியாதா?

தயாரிப்பாளர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. பத்து ஆண்டுக்கு முந்தைய பெட்டிக்கெல்லாம் திருத்தம் எழுதிக்கொண்டிருக்க ஆள் செலவு ஆகும்; என்றென்றைக்கும் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. நாமும் என்றென்றைக்கும் கேட்கவில்லை. தேதியைச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஐந்தாண்டு என்றால் ஐந்தாண்டுக் கணக்குப் போட்டு விலை கொடுப்போம். மூன்றாண்டு என்றால் விலையைக் குறைத்துக் கேட்போம். தேதி தெரியாமல் எப்படி விலை பேசுவது?

நடக்காத காரியத்தைக் கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் 29 முதல், வீடுகளில் பயன்படும் இண்டர்நெட் கருவிகளுக்கு எத்தனை காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று சொல்லியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் என்பதும் கூடாது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் கொண்டுவந்த சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகும். அதன்படி, ஆதரவுக் காலம் முழுவதும் பாதுகாப்புத் திருத்தம் இலவசம். நம் நாட்டிலும் 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. கேமராவுக்கு ஒரு நியாயம் என்றால், கேமராவுக்கும் சேர்த்துக் காவல் நிற்கும் பெட்டியின் அட்டையில் ஒரு தேதி அச்சிடக் கூடாதா?

சங்கத்துக்கு நம் வேண்டுகோள்

தனித்தனியாகக் கேட்டால் விற்பனையாளர் சிரிப்பார். சங்கமாகக் கேட்டால் உட்கார்ந்து பேசுவார். ஆகவே நம் நிர்வாகிகளுக்குச் சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

உறுப்பினர்கள் பயன்படுத்தும் ஃபயர்வால், ரூட்டர் மாடல்களின் பட்டியல் ஒன்றைச் சங்கம் திரட்ட வேண்டும். கடையின் பெயர் வேண்டாம், மாடலின் பெயர் போதும். கம்பெனி கைவிட்டுவிட்ட மாடல் எவை என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். பத்து இருபது கடைகள் சேர்ந்து ஒரே டெக்னீஷியனுடன் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டால் செலவும் குறையும், பொறுப்பும் கூடும். செர்ட்-இன் அமைப்பு ஆபத்தான பிழைகள் பற்றிய அறிவிப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. அதன் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் சுத்தம் செய்யும் மென்பொருள்களை இலவசமாகத் தருகிறது. இவற்றில் நமக்குத் தேவையானதைத் தமிழில் சுருக்கி, மாதம் அரைப் பக்கம் இந்தப் பத்திரிகையிலேயே போடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இனி உறுப்பினர் யாரும் தேதி எழுதாத பில்லுக்குக் காவல் பெட்டி வாங்குவதில்லை என்று சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும். "இன்ன தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் கட்டணமின்றிக் கிடைக்கும்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான். அதே தீர்மானத்தை மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் புதுவை அரசுக்கும் அனுப்பி, காரைக்கால், மாஹே, ஏனாம் வணிகர்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் அலமாரியைச் சோதிக்க அதிகாரிகள் வருகிறார்கள். நாமும் தேதி பார்த்துத்தான் சரக்கு வைக்கிறோம். நமக்கு விற்பவர்களிடம் அதே தேதியைக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். இது குறித்து உறுப்பினர்கள் தங்கள் கருத்துகளைச் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்புமாறும், அடுத்த பொதுக்குழுவுக்குத் தங்கள் பெட்டியின் மாடல் பெயரைக் குறித்துக்கொண்டு வருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.